பத்தமடைப் பாய்க்கு ஒரு டொமைன்: எந்தப் பெயரை எடுப்பது?

கோரைப்புல்

எல்லோருக்கும் வணக்கம். பத்தமடையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உம்மாவும் பெரியம்மாவும் பாய் நெய்கிறார்கள். ஆர்டர் பிடிப்பது, கூரியர் போடுவது, கணக்கு எழுதுவது என் வேலை. மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாயைத்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் கேட்கிறார்கள். இவ்வளவு நாளும் வாட்ஸ்அப்பிலேயே ஓட்டிவிட்டோம். இப்போது சொந்தமாக ஒரு வெப்சைட் போடலாம் என்று உட்கார்ந்தால், டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர் எடுக்கும் முதல் படியிலேயே நிற்கிறேன்.

நான் ஆசைப்பட்ட பெயரை டாட் காமில் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். திறந்தால் 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்று மட்டும் வருகிறது. கேட்கும் விலை எங்கள் ஒரு வருட வருமானத்துக்கு மேல். அதே பெயருக்கு நடுவில் ஒரு கோடு போட்டால் கிடைக்கிறது. டாட் இன்னில் கிடைக்கிறது. டாட் ஷாப் முதல் வருடம் 99 ரூபாய் என்று காட்டுகிறது. மாமா மகன் தமிழிலேயே பெயர் எடு என்கிறான். எதை எடுப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறுக்குத்துறை

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பதினைந்து வருடமாக சர்வர் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன் தங்கச்சி, பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வரும் ஒரு கடித உறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஆள் பெயர், அப்புறம் தெரு, அப்புறம் பத்தமடை, கடைசியில் 627-ல் தொடங்கும் பின்கோடு. நாம் மேலிருந்து எழுதுகிறோம். தபால் பிரிக்கிறவர் கீழிருந்து படிக்கிறார். டெல்லியில் பிரிப்பவருக்கு உங்கள் தெரு தேவையே இல்லை, 627 போதும். டொமைனும் இப்படித்தான் கடைசியிலிருந்து படிக்கப்படுகிறது. ஒருவர் உங்கள் முகவரியைத் தட்டினால், டாட் இன் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி முதலில், எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் சர்வருக்குப் போகும். அது டாட் இன் பதிவகத்தின் சர்வரைக் கை காட்டும். அந்தச் சர்வர், உங்கள் பெயருக்கு நீங்கள் குறித்துக் கொடுத்த நேம்சர்வரைக் காட்டும். அந்த நேம்சர்வர்தான் வெப்சைட் இருக்கும் கணினியின் ஐபி எண்ணைச் சொல்லும். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. அதற்கு முன்பெல்லாம், வலையில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்து, எல்லோரும் அதை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்தப் பட்டியலை வைத்துச் சமாளிக்க முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெயர் வேறு, வெப்சைட் இருக்கும் இடம் வேறு, மெயில் வேறு. மூன்றையும் ஒரே ஆளிடம் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாளைக்கு இடத்தை மாற்றினாலும் நேம்சர்வரில் எண்ணை மாற்றினால் போதும், பெயர் அப்படியே இருக்கும். பாயின் ஓரத்தில் தைக்கும் துணியில் முகவரியைப் போட்டால்கூட அது பழசாகாது. அதனால்தான் வெப்சைட் அழகாக வருவதைவிடப் பெயரைச் சரியாக எடுப்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று. டொமைன் வாங்குகிறோம் என்று பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது குத்தகைதான். ஒரு வருடம் முதல் பத்து வருடம் வரை கட்டலாம். கெடு முடிந்தால் திரும்பக் கட்ட வேண்டும். ஆகவே முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள். 99 ரூபாய்க்குத் தரும் டாட் ஷாப்புக்கு இரண்டாம் வருடம் என்ன என்று அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். புதுப்பிக்கும் விலையை ஐந்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டே எழுத்துள்ள கடைசிப் பகுதி எல்லாமே ஒரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ உரியது. டாட் கோ கொலம்பியாவுடையது, டாட் டிவி துவாலு என்ற தீவு நாட்டுடையது, இப்போது எல்லோரும் ஓடிப்போய் எடுக்கும் டாட் ஏஐ அங்குயில்லா என்ற சின்னத் தீவுடையது. நமக்கு டாட் இன். அதை நிக்ஸி என்ற இந்திய அமைப்பு நடத்துகிறது. 2005-ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகுதான் அது பரவலானது. உங்கள் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் இந்தியாவுக்குள் இருப்பதால் டாட் இன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காது.

மேலரத வீதி

தங்கச்சி, எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

டவுனில் சின்ன அல்வாக் கடை எங்களுடையது. 2015-ல் ஒருவர் வந்து வெப்சைட் செய்து தருகிறேன் என்றார். கேட்ட காசைக் கொடுத்தோம், நன்றாகவே செய்து கொடுத்தார். பெட்டி, பை, பில் புத்தகம் எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்தோம். டொமைனை அவர் தன் பெயரில், தன் மெயிலில் பதிந்திருந்தார். அப்படி ஒரு விஷயம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. வருடா வருடம் அவரிடம் பணம் கொடுப்போம், அவர் கட்டிவிடுவார்.

நான்கு வருடம் கழித்து அவர் வெளிநாடு போய்விட்டார். போன் நம்பர் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் அவருக்கே போயிருக்கிறது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெப்சைட் நின்றது. பதிவு செய்த நிறுவனத்துக்குப் போன் போட்டு, இந்தக் கடை எங்களுடையது, பணம் கட்டத் தயாராக இருக்கிறோம் என்று எவ்வளவோ சொன்னோம். உங்கள் பெயர் எங்கள் பதிவில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். சில மாதம் கழித்து யாரோ அந்தப் பெயரை எடுத்து அதில் சூதாட்டப் பக்கம் போட்டார்கள். பெட்டியைப் பார்த்துத் தட்டிய வாடிக்கையாளர் ஒருவர் அப்பாவுக்குப் போன் போட்டு, என்ன அண்ணாச்சி இந்தத் தொழிலும் பண்ணுகிறீர்களா என்று கேட்டார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. மிச்சம் இருந்த பெட்டிகளில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம்.

ஒரு சென்ட் இடம் வாங்கினாலும் பட்டா யார் பெயரில் என்று பார்க்காமல் விடுவோமா? இதில் பார்க்கவில்லை. உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில் பதியுங்கள். வெப்சைட் செய்து தருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

குறுக்குத்துறை

மேலரத வீதி அண்ணாச்சி சொன்னதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. மாதம் ஒருவராவது இதே பிரச்சினையோடு என்னிடம் வருகிறார்கள்.

கெடு முடிந்த அன்றே பெயர் போய்விடாது. டாட் காம் போன்றவற்றில், முடிந்த பிறகும் சில வாரம், அதிகபட்சம் 45 நாள், பழைய விலையிலேயே புதுப்பிக்க நிறுவனங்கள் இடம் கொடுக்கும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதன் பிறகு மீட்புக் காலம் 30 நாள். அதில் மீட்கலாம், ஆனால் அபராதம் பல மடங்கு. அப்புறம் 5 நாள் யாரும் தொட முடியாது. அதோடு பெயர் பொதுவில் விழும். விழும் நொடியிலேயே பிடிக்க நிரல் எழுதி வைத்துக் காத்திருக்கிறார்கள். பழைய பெயர் என்றால் அதைத் தேடி ஆட்கள் வருவார்கள், அந்த வரத்துதான் அவர்களுக்கு வேண்டும்.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, யார் பெயரில் பதிந்திருக்கிறது, எந்த மெயில், முடியும் தேதி என்ன என்று மூன்றையும் பாருங்கள். நுழையவே முடியவில்லை, எல்லாம் அவரிடம்தான் இருக்கிறது என்றால், அவர் ஊரில் இருக்கும்போதே பேசி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக மாற்றுக் குறியீடு என்று ஒன்று தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

டவுன் ஆர்ச்

கார்டில் தானாகக் கட்டிக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி மாறிய பிறகு, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நம் கார்டிலிருந்து தானாகப் போகும் பணம் பல நேரம் போவதில்லை. எனக்கே ஒருமுறை நின்றது. நான் இப்போது மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டு, முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வைக்கிறேன்.

கோரைப்புல்

மேலரத வீதி அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எங்களுக்கு வெப்சைட் செய்து தருகிறேன் என்று சொன்னவரும் 'டொமைனை நானே எடுத்துவிடுகிறேன்' என்றுதான் சொன்னார். வேண்டாம், நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.

சரி, இனி பெயருக்கு வருவோம். கோடு போட்டதை எடுக்கலாமா?

குறுக்குத்துறை

வேண்டாம். போனில் எப்படிச் சொல்வீர்கள்? 'நடுவில் கோடு, கீழ்க்கோடு இல்லை, நடுக்கோடு' என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும். கோட்டை விட்டுவிட்டுத் தட்டுகிறவர்கள் நேரே அந்த விற்பனைப் பக்கத்துக்குப் போய்ச் சேருவார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஊர்ப் பெயரில் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒரு நிலையாக நிற்பதில்லை. திருநெல்வேலிக்கே முதல் டி-க்குப் பிறகு ஹெச் போடுகிறவர்கள் பாதி, போடாதவர்கள் பாதி. வெள்ளைக்காரர்கள் டின்னவெல்லி என்று எழுதி வைத்தது தனி. பத்தமடைக்கு டி ஹெச் போடலாம், இரண்டு டி போடலாம், டி டி ஹெச் போடலாம், அதற்கு மேலும் நீட்டி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பாய். பி ஏ ஐ என்று எழுதினால் வெளியூர்க்காரர் 'பை' என்று படிப்பார். பி ஏ ஒய் என்றால் ஆங்கிலத்தில் 'பணம் கட்டு' என்று ஆகிவிடும். ஒரு ஏ சேர்த்தால் எத்தனை ஏ என்று கேட்பார்கள். ஊரும் பாயும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு விதமாக எழுத முடியும். அத்தனையையும் வாங்க முடியுமா?

இதில் தமிழ்க் காதுக்கே உரிய ஒரு பிரச்சினையும் இருக்கிறது. பாளை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு போனில் 'பி' என்று சொல்லிப் பாருங்கள். பாம்பேக்கு வரும் பி-யா, பேப்பருக்கு வரும் பி-யா? நான் இங்கே தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், காதிலும் அப்படித்தான் விழுகிறது. 'டி'யும் அதே கதை. அதனால் பெயர் தேடும்போது இந்த இரண்டு ஒலியும் இல்லாத சொல்லாகக் கிடைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

இதற்கு நான் வைத்திருக்கும் ஒரே சோதனை: எழுதப் படிக்கத் தெரிந்த ஐந்து பேருக்குப் போன் போடுங்கள். பெயரை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு பேர் ஒரே மாதிரி அடித்தால் அதை எடுங்கள்.

செவக்காட்டான்

இவ்வளவு சிக்கலும் ஆங்கில எழுத்தால்தானே வருகிறது? தமிழிலேயே எடுத்தால் என்ன? டாட் இந்தியா என்று முழுக்கத் தமிழ் எழுத்திலேயே கடைசிப் பகுதி இருக்கிறது. டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் இரண்டும்கூட இருக்கின்றன. மூன்று நாடுகள் தமிழுக்கு வலையில் கடைசிப் பகுதி வாங்கிக் கொடுத்திருக்கின்றன. நாமே எடுக்காவிட்டால் யார் எடுப்பார்கள்? பத்தமடை என்று தமிழில் எழுதினால் ஒரே விதம்தான், டி-யும் இல்லை ஹெச்-சும் இல்லை. நான் சங்கரன்கோவில் பக்கம், எங்கள் ஊர் விவசாயிகள் குழுவுக்குத் தமிழ்ப் பெயர்தான் எடுக்க வேண்டும் என்று இருக்கிறேன்.

குறுக்குத்துறை

உங்கள் ஆசை எனக்கும் உண்டு. என் பெயரில் ஒரு தமிழ் டொமைன் வைத்திருக்கிறேன். ஆனால் அதை வைத்துத் தொழில் செய்ய முடியுமா என்று கேட்டால், இன்றைக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உள்ளே நடப்பது இது: டொமைன் ஏற்பாடு ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு இவற்றை வைத்துக் கட்டப்பட்டது. தமிழ்ப் பெயரை ப்யூனிகோட் என்ற முறை எக்ஸ் என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட ஒரு நீண்ட எழுத்துச் சரமாக மாற்றி அனுப்புகிறது. பிரவுசரில் தமிழாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தாலோ வேறு செயலியில் ஒட்டினாலோ சில நேரம் அந்தச் சரமே வந்து நிற்கும், பார்க்கிறவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்துவிடுவார். தமிழ் முகவரியில் மெயில் வைத்தால் பல படிவங்கள் இது செல்லாத மெயில் என்று தள்ளிவிடுகின்றன.

தமிழ் எழுத்திலும் குழி உண்டு. ர, ற தடுமாற்றம், ண, ன தடுமாற்றம் நமக்குத் தெரியும். ஸ்ரீ என்ற எழுத்தை ஒருங்குறியில், அதாவது யூனிகோடில், இரண்டு விதமாக உள்ளிட முடியும், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. தமிழ் எண் ஏழு பார்க்க எ மாதிரியே இருக்கும், தமிழ் எண் ஒன்று க மாதிரி இருக்கும். கடைப் பெயரில் ஸ்ரீ வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கில எழுத்தில் ஒன்று எடுத்து, தமிழ்ப் பெயரையும் வாங்கி அதை முதல் பெயருக்குத் திருப்பிவிடுங்கள். தமிழில் தட்டினாலும் அதே கடைக்கு வந்து சேரட்டும். செவக்காட்டான் சொன்னது போல, ஆட்கள் எடுக்க எடுக்கத்தான் செயலி எழுதுகிறவர்கள் இதையெல்லாம் சரி செய்வார்கள்.

வண்ணார்பேட்டை வக்கீல்

சட்டப் பக்கம் இரண்டு விஷயம்.

டொமைனுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் சத்யம் இன்ஃபோவே, சிஃபிநெட் சொல்யூஷன்ஸ் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயரும் வணிகச் சின்னம் போலவே தொழிலை அடையாளம் காட்டுகிறது, ஆகவே வணிகச் சின்னத்துக்குள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு என்று சொல்லிவிட்டது. டாட் காம் தகராறுகளுக்கு 1999 முதல் யுடிஆர்பி என்ற நடுவர் முறை இருக்கிறது, டாட் இன்னுக்கு ஐஎன்டிஆர்பி. அங்கே ஜெயிக்க, அந்தப் பெயரில் உங்களுக்கு முன்பே உரிமை இருந்தது என்றும், எதிராளி கெட்ட நோக்கத்தோடு எடுத்தார் என்றும் காட்ட வேண்டும். வெறும் ஊரும் பொருளும் சேர்ந்த பொதுப் பெயரில் அதைக் காட்டுவது கடினம். அதனால் அந்த விற்பனைக்காரர் பின்னால் அலையாதீர்கள்.

இரண்டாவது, பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999-ஆம் வருடச் சட்டப்படி அந்தப் பெயர் ஊரில் நெய்கிற எல்லோருக்கும் பொதுவானது. உங்கள் உம்மா அதில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ளலாம், கட்டாயம் பதியுங்கள், அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் உங்கள் ஒருவருடைய அடையாளமாக ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரும் அதையே வைக்கலாம். உங்களுக்கென்று ஒரு சொல்லை டொமைனுக்கு எடுங்கள், ஊர்ப் பெயரை வெப்சைட்டுக்குள் பெரிதாக எழுதுங்கள். அந்தச் சொல்லைப் பிற்பாடு வணிகச் சின்னமாகவும் பதியலாம். பாய் 27-ஆம் வகுப்பில் வரும்.

கோரைப்புல்

இப்படி யோசிக்கவே இல்லை. ஊர்ப் பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் எங்களைத் தேடி வருகிறவர்கள் பத்தமடைப் பாய் என்று தேடித்தான் வருவார்கள், வந்த பிறகு எங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான் தனிப் பெயர் வேண்டும். உம்மா, கோரை என்று வையேன் என்கிறார். கே ஓ ஆர் ஏ ஐ. பி-யும் இல்லை, டி-யும் இல்லை.

டவுன் ஆர்ச்

கோரை நல்ல சொல். ஆனால் என் போனில் அடித்தேன், தானாகத் திருத்தி கொரியா என்று ஆக்கிவிட்டது.

குறுக்குத்துறை

டவுன் ஆர்ச் சரியாகப் பிடித்தார். அதோடு இன்னொரு சொல் சேருங்கள், திருத்தம் நின்றுவிடும். ஆனால் முழுப் பெயரை இங்கே எழுதாதீர்கள் தங்கச்சி. பொது இடம் இது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஐந்து பேர் சோதனையை முடித்துவிட்டு, பதிவு செய்த பிறகு சொல்லுங்கள்.

கோரைப்புல்

நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஐந்து பேருக்கு அல்ல, ஒன்பது பேருக்குப் போன் போட்டேன். மேலப்பாளையத்தில் மாமி, அம்பாசமுத்திரத்தில் கூடப் படித்தவள், கல்யாணப் பாய் வாங்கிய பெங்களூர் வாடிக்கையாளர் ஒருவர், கூரியர் ஆபீஸ் அண்ணன் என்று எல்லா வயதிலும் கேட்டேன். முதலில் கோரையோடு தறி சேர்த்துச் சொன்னேன். தறிக்கு டி ஹெச்சா, வெறும் டி-யா என்று நான்கு பேர் குழம்பினார்கள். அப்புறம் நெசவு சேர்த்தேன். ஒன்பதில் எட்டுப் பேர் ஒரே மாதிரி அடித்தார்கள். மாமி மட்டும் கடைசியில் யு-வுக்கு ஓ போட்டார்.

கோரைநெசவு டாட் இன். பதினோரு எழுத்து, மூன்று வருடத்துக்குக் கட்டிவிட்டேன். டாட் காமும் கிடைத்தது, அதையும் எடுத்து இதற்கே திருப்பிவிட்டேன். தமிழ்ப் பெயரை, அடுத்த பாய் ஆர்டர் பணம் வந்ததும் எடுப்பேன்.

உம்மா பெயரில்தான் பதிந்தேன், மெயிலும் அவருக்கே புதிதாகத் திறந்தேன். பதிந்த மறுநாளிலிருந்து வெப்சைட் செய்து தருகிறோம் என்று இருபது போன் வந்துவிட்டது, இது வழக்கமா? இன்னொரு சந்தேகம். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? வாப்பா பெயரை முழுதாகப் போட்டுவிட்டேன். ஆதாரில் வெறும் இனிஷியல்தான் இருக்கிறது.

குறுக்குத்துறை

போன் வருவது வழக்கம்தான், யாருக்கும் ஓடிபி மட்டும் சொல்லாதீர்கள். பெயரை இன்றைக்கே மாற்றுங்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இனிஷியல் முன்னால் என்றால் முன்னால், புள்ளி உட்பட. டாட் இன்னுக்கு அடையாளச் சான்று கேட்பார்கள், பெயர் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்தி வைத்துவிடலாம். கணக்குக்கு இரண்டு கட்டப் பாதுகாப்பும் போட்டுவிடுங்கள், உம்மா போனிலேயே.

மேலரத வீதி

துணியில் அச்சடிக்கக் கொடுக்கும் முன்னால் அச்சகத்துக்காரர் அனுப்பும் மாதிரியை வைத்துக்கொண்டு, அதில் இருக்கிறபடியே ஒவ்வொரு எழுத்தாகப் போனில் தட்டிப் பாருங்கள் தங்கச்சி. நாங்கள் புதுப் பெட்டிக்கு அப்படித்தான் செய்தோம். கடை திறந்ததும் இங்கே சொல்லுங்கள், என் தங்கை கல்யாணம் தை மாதம், முதல் பாய் எங்களுக்கு வேண்டும்.

கோரைப்புல்

மாற்றிவிட்டேன். இப்போது ஆதாரில் உள்ளது போலவே இருக்கிறது. அண்ணாச்சி, மாப்பிள்ளை, பெண் பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் தனிச் செய்தியில் அனுப்புங்கள். தறியில் ஏற்றிய பிறகு எழுத்தை மாற்ற முடியாது.